வாங்கில் காத்திருந்த மூவர்



2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி. நியூயோர்க் நகரின் மெடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் இளைஞர்கள் சிலர் புத்தாடை அணிந்து, தாய் தந்தையர் சகிதம் அமர்ந்திருக்கிறார்கள். மேடையில் ஒருவர் தோன்றி ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து தாயைக் கட்டித் தழுவிவிட்டு மேடைக்குச் செல்கிறார். அன்று மொத்தம் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பீ.ஏ. ஆண்டுதோறும் நடத்தும் வீரர் தெரிவு இதுதான். இச்சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. அணிக்கு இருவர் வீதம் இரண்டு சுற்றுகளில் புதியவர்களைத் தெரிவு செய்வார்கள். அந்த 60 பேரில் மூவரின் கதையை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். மூவரும் பல்கலைக்கழக ஆட்டத்தில் பெயரெடுத்தவர்கள். மூவரும் ஒரே நாளில் தொழிலுக்குள் புகுந்தவர்கள். ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் நின்ற இடங்களைப் பார்த்தால், அன்று அந்த அரங்கில் இருந்த எவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

கதைக்கு முன் ஒரு விளக்கம். எமது நாட்டில் கல்லூரி என்றால் பாடசாலை. அமெரிக்காவில் கொலேஜ் என்றால் பல்கலைக்கழகம். அங்கே திறமையான விளையாட்டு வீரனுக்குப் பல்கலைக்கழகமே புலமைப்பரிசில் கொடுத்து, தங்குமிடமும் சாப்பாடும் தந்து படிக்க வைக்கிறது. பதிலுக்கு அவன் பல்கலைக்கழகத்தின் அணிக்காக விளையாடுகிறான். மார்ச் மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டியை நாடே தொலைக்காட்சியின் முன் இருந்து பார்க்கும். இருபது வயது மாணவன் ஒருவன் ஒரே வாரத்தில் நாடறிந்தவனாகிவிடுவான்.

ஆனால் அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வாசல் மிக ஒடுங்கியது. முதற்தரப் பிரிவில் மட்டும் 360க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அணிக்குப் பதின்மூன்று பதினான்கு பேர் என்று வைத்தாலும் ஐயாயிரம் இளைஞர்கள் அளவில் வருகிறார்கள். இன்னும் இரண்டு பிரிவுகள் கீழே உண்டு. மறுபுறத்தில் என்.பீ.ஏ.யின் 30 அணிகளிலும் அணிக்கு 15 பேர் வீதம் 450 இடங்களே. அதிலும் பல இடங்களில் ஐரோப்பாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக விளையாட்டை நிர்வகிக்கும் என்.சீ.ஏ.ஏ. அமைப்பு தானே வெளியிட்டுள்ள கணக்கின்படி, ஓர் ஆண்டில் தெரிவுக்குத் தகுதி பெறும் மாணவ வீரர்களில் என்.பீ.ஏ. தெரிவு செய்வது நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டும் அளவுதான்.

சரி, இனி மூவரின் கதைக்கு வருவோம்.

ஒருவர்: அழுத வீரன்

முதலாமவர் அடம் மொரிசன். வொஷிங்டன் மாநிலத்திலுள்ள கொன்சாகா என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் மாணவர். சிறு வயதிலிருந்தே நீரிழிவு நோயாளி. தினமும் இன்சுலின் எடுத்துக்கொண்டே ஆடியவர். 2005-06 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 28.1 புள்ளிகள் எடுத்து, முழு அமெரிக்காவிலும் முதலிடத்தில் நின்றார்.

அவ்வாண்டு மார்ச் மாதச் சுற்றுப்போட்டியில் அவரது அணி யூ.சீ.எல்.ஏ. அணியைச் சந்தித்தது. ஒரு கட்டத்தில் 17 புள்ளிகள் முன்னணியில் இருந்த கொன்சாகா, இறுதியில் 73க்கு 71 என்று தோற்றது. மொரிசன் மைதானத்தின் நடுவிலேயே படுத்து அழுதார். எதிரணி வீரர்கள் வந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த பலருக்கு அவர் மேல் அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஜூன் 28இல் அவரது பெயர் மூன்றாவதாக வாசிக்கப்பட்டது. தெரிவு செய்தது சார்லட் நகர அணி. அந்த அணியின் பங்காளராகி, வீரர் தெரிவுக்குப் பொறுப்பாக அப்போதுதான் வந்திருந்தவர் வேறு யாருமல்ல, மைக்கல் ஜோர்டன்.

மற்றவர்: குறிபார்த்து எறிபவர்

இரண்டாமவர் ஜே.ஜே. ரெடிக். புகழ்பெற்ற டியூக் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முழுமையாகப் படித்து ஆடியவர். தூரத்திலிருந்து எறிவதில் சூரர். அவ்வாண்டின் சிறந்த பல்கலைக்கழக வீரர் யார் என்பதில் நாடே இரண்டு பட்டுக் கிடந்தது. சில அமைப்புகள் விருதை ரெடிக்குக்கும் மொரிசனுக்கும் பகிர்ந்தே கொடுத்தன. ரெடிக்கின் பெயர் 11ஆவதாக வாசிக்கப்பட்டது. அவரை எடுத்தது ஓர்லாண்டோ அணி.

மூன்றாமவர்: இடமில்லாதவர்

மூன்றாமவர் பீ.ஜே. டக்கர். டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர். அவரது பல்கலைக்கழகம் சேர்ந்திருந்த பிரிவில் அவ்வாண்டின் சிறந்த வீரர் என்ற விருது பெற்றவர். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. கூடைக்கு அருகில் நின்று, உடல் பலத்தால் இடித்துப் புகுந்து புள்ளி எடுப்பது அவரது பாணி. அவரது உயரமோ ஆறடி ஐந்து அங்குலம். நமக்கு அது பெரிய உயரம். என்.பீ.ஏ.யில் கூடைக்கு அருகில் நிற்பவர்கள் ஏழடிக்குக் கிட்டியவர்கள். அதே டெக்சாஸ் அணியில் அவருடன் ஆடிய உயரமான லமார்கஸ் ஆல்ட்ரிஜின் பெயர் இரண்டாவதாக வாசிக்கப்பட, டக்கர் 35ஆவது பெயர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரை எடுத்தது கனடாவின் டொரொன்டோ அணி.

வீடு மாறிய ஆட்டம்

பல்கலைக்கழகத்தில் ஆடுவதும் என்.பீ.ஏ.யில் ஆடுவதும் ஒரே ஆட்டந்தானே, இதில் என்ன புதிதாகக் கற்க இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பந்தும் கூடையும் ஒன்றுதான். கூடையின் உயரமும் அதே பத்தடிதான். மற்றவை வேறு.

பல்கலைக்கழக ஆட்டம் 40 நிமிடம். தொழில்முறை ஆட்டம் 48 நிமிடம். அங்கே ஒரு பருவத்தில் முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்கள். இங்கே ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டங்கள், அதுவும் நகரத்துக்கு நகரம் இரவு விமானத்தில் பறந்து பறந்து. 2006இல் பல்கலைக்கழக அணிக்குப் பந்து கைக்கு வந்தால் எறிவதற்கு 35 விநாடி அவகாசம் இருந்தது. (இன்று அது 30.) என்.பீ.ஏ.யில் 24 விநாடிதான்.

எல்லாவற்றிலும் முக்கியம், மூன்று புள்ளிக் கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியில் நின்று எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி கிடைக்கும். 2006இல் பல்கலைக்கழக மைதானத்தில் அக்கோடு 19 அடி 9 அங்குலத் தூரத்தில் இருந்தது. என்.பீ.ஏ.யில் அது 23 அடி 9 அங்குலம். சரியாக நான்கு அடி வித்தியாசம்! கண்ணை மூடிக்கொண்டு எறிந்து பழகிய கை, நான்கு அடி பின்னால் போனதும் திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். (பின்னர் பல்கலைக்கழகக் கோட்டையும் இரண்டு தடவை பின்னுக்குத் தள்ளினார்கள். 2019-20 பருவத்திலிருந்து அது 22 அடிக்குச் சற்று அதிகம்.)

இவை அளவுகோலால் அளக்கக்கூடிய மாற்றங்கள். அளக்க முடியாத மாற்றம் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இவனைச் சுற்றித்தான் அணியே கட்டப்பட்டிருந்தது. பந்து இவனைத் தேடி வரும். பிழைத்தாலும் அடுத்த தடவையும் இவன்தான் எறிவான். என்.பீ.ஏ.யில் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவனும் தன் ஊரில் அப்படி இருந்தவன்தான். அணி ஒன்றில் ஐவர் ஆடுவர், பந்தோ ஒன்று. அந்த ஐவரில் இருவர் மூவருக்குத்தான் புள்ளி எடுக்கும் வேலை கிடைக்கும். மற்றவர்கள் எதிரியின் சூரனைத் தடுக்க வேண்டும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க வேண்டும், ஓர் ஓரத்தில் பொறுமையாக நின்று பந்து வந்தால் மட்டும் எறிய வேண்டும். நேற்று வரை கல்யாண மாப்பிள்ளையாக இருந்தவனிடம் இன்று பந்தி பரிமாறச் சொல்வது போன்றது இது. உடம்பை விட மனதுக்குத்தான் கஷ்டம்.

மூவரும் என்ன ஆனார்கள்?

மொரிசனுக்கு முதலாண்டிலேயே ஆடுவதற்குத் தாராளமாக நேரம் கிடைத்தது. சராசரி 11.8 புள்ளிகளும் எடுத்தார். ஆனால் அவர் எறிந்த நூறு பந்துகளில் நாற்பது கூட உள்ளே விழவில்லை. பல்கலைக்கழகத்தில் அவர் தலைக்கு மேலால் எறிந்தவர்கள் ஒரு தரம், இங்கே அவர் முன் கை நீட்டி நின்றவர்கள் இன்னொரு தரம். தான் காவல் காக்க வேண்டிய ஆளைத் தடுப்பதிலும் அவர் பலவீனமாக இருந்தார். இரண்டாம் பருவம் தொடங்குமுன், 2007 ஒக்டோபரில் முழங்காலின் தசைநார் கிழிந்து, அந்த ஆண்டு முழுதும் ஆட முடியாமற் போயிற்று. 2009இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த அணி 2009இலும் 2010இலும் சம்பியனானது. இரண்டு சம்பியன் மோதிரங்களும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் பெரும்பாலும் அவர் வாங்கில் இருந்தே அவற்றைப் பெற்றார். அதன்பின் என்.பீ.ஏ.யில் அவர் ஆடவில்லை. சேர்பியாவிலும் துருக்கியிலும் சிறிது காலம் ஆடிவிட்டு ஓய்ந்தார். அவரது என்.பீ.ஏ. சராசரி 7.5 புள்ளிகள்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. காயம் எவருக்கும் வரலாம். ஆட்களைத் தெரிவு செய்வதில் ஜோர்டன் போன்ற ஒரு மேதையே தவறக் கூடும் என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்?

ரெடிக்கின் ஆரம்பம் மொரிசனுடையதை விட மோசம். இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 34இல் மட்டுமே அவரை இறக்கினார்கள், அதுவும் சில நிமிடங்களுக்கு. டியூக்கில் நாட்டையே ஆட்டிப் படைத்தவர் இங்கே உடை மாற்றாமலே பார்த்துக்கொண்டிருந்தார். எறிவதில் அவருக்கு நிகரில்லை, ஆனால் தடுப்பதில் அவரை நம்ப முடியாது என்பதுதான் காரணம். அவர் என்ன செய்தார்? தடுக்கக் கற்றார். பந்து கையில் இல்லாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருந்து, காவலாளியைக் களைக்க வைத்து, ஒரு கணம் இடம் கிடைத்தால் எறியும் கலையைத் தன் தொழிலாக்கிக்கொண்டார். 15 பருவங்கள் என்.பீ.ஏ.யில் ஆடினார். அவர் வாழ்நாளில் மிக அதிகச் சராசரி, அதாவது 18.1 புள்ளிகள் எடுத்தது எப்போது தெரியுமா? 2018-19 பருவத்தில், தமது 34ஆவது வயதில்! 2021இல் ஓய்வு பெற்ற அவர், 2024இல் லேக்கர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

இங்கே ஓர் உண்மையையும் மறக்கலாகாது. முதற் சுற்றில் தெரிவாகிறவருக்கு முதலிரண்டு ஆண்டுச் சம்பளம் ஒப்பந்தப்படி உறுதி. அணி அவரை ஆட விட்டாலும் விடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஆகவே ரெடிக்கிற்குக் கற்றுக்கொள்ளக் காலம் கிடைத்தது. இரண்டாம் சுற்றில் தெரிவாகிறவருக்கு அந்த உறுதி இல்லை. டக்கரின் கதை அங்கேதான் வேறுபடுகிறது.

டொரொன்டோ அணி டக்கரை 17 ஆட்டங்களில் மட்டும், அதுவும் சில நிமிடங்களே ஆட விட்டது. பின்னர் கீழ்மட்டப் பயிற்சி லீக்கிற்கு அனுப்பியது. 2007 மார்ச்சில் நீக்கியே விட்டது. ஒரு வருடம் முழுதாகவில்லை! இருபத்திரண்டு வயது கூட நிறையாத இளைஞர். ஊர் திரும்பி, எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கலாம். அவர் பெட்டியைக் கட்டினார். இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜேர்மனி என்று ஐந்து ஆண்டுகள் நாடு நாடாக ஆடினார். மொழி தெரியாத ஊர்கள், சிறிய அரங்குகள், அமெரிக்கத் தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஆட்டங்கள். இஸ்ரேலில் அவரது அணி 2008இல் சம்பியனானது. ஜேர்மனியில் 2012இல் சம்பியனானது.

அவ்வாண்டே பீனிக்ஸ் அணி அவரை என்.பீ.ஏ.க்குத் திரும்ப அழைத்தது. வந்தவர் பழைய டக்கர் அல்லர். கூடைக்கு அருகில் இடித்துப் புகும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். எதிரணியின் மிகச் சிறந்த வீரன் யாரோ, அவனை நிழல் போலப் பின்தொடர்வது ஒரு வேலை. மைதானத்தின் மூலையில் நின்று, பந்து வந்தால் மூன்று புள்ளிக்கு எறிவது மற்ற வேலை. என்.பீ.ஏ. மைதானத்தில் மூலையில் மட்டும் அந்தக் கோடு கூடைக்குக் கிட்ட, 22 அடியில் இருக்கிறது. அந்த மூலையை அவர் தன் கடையாக்கிக்கொண்டார். மூலையிலிருந்து மிக அதிகமாக எறிதல்களைப் போட்டவர்களில் ஒருவராக விளங்கினார்.

2021இல் மில்வோக்கி அணி அவரை வாங்கியது. அவ்வாண்டின் முக்கியமான சுற்றில் கெவின் டுரான்ட் என்ற மாபெரும் வீரரைத் தடுக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. டுரான்டும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தவர்தான். டக்கர் வெளியேறிய அதே ஆண்டில் உள்ளே வந்து, ஒரே ஆண்டு படித்துவிட்டு, 2007 தெரிவில் இரண்டாவது பெயராக வாசிக்கப்பட்டவர். அந்த டுரான்டின் அணியை வென்று, மில்வோக்கி சம்பியனானது. டக்கருக்கு அப்போது வயது 36. அவருடன் தெரிவான 60 பேரில் மிகப் பெரும்பாலோர் எப்போதோ என்.பீ.ஏ.யை விட்டுப் போயிருந்தார்கள்.

இவர்கள் மட்டுமல்ல

இது மூவரின் கதை மட்டுமென்று எண்ண வேண்டாம். பென் வொலஸ் என்பவர் இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர். 1996இல் எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. புள்ளி எடுப்பதில் அவர் என்றுமே சிறந்தவர் அல்லர். தடுப்பதையும் திரும்பும் பந்தைப் பிடிப்பதையும் மட்டும் தன் தொழிலாகக் கொண்டார். நான்கு தடவை ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரராகத் தெரிவானார். 2004இல் டிட்ரொயிட் அணியுடன் சம்பியனானார். 2021இல் கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஜிமி பட்லர் 2011இல் முதற் சுற்றின் கடைசிப் பெயராக, 30ஆவதாக வந்தவர். முதற் பருவத்தில் அவர் எடுத்தது சராசரி 2.6 புள்ளிகள். 2015இல் மிக அதிகம் முன்னேறிய வீரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. பின்னர் மியாமி அணியை இரண்டு தடவை இறுதிச் சுற்றுவரை கொண்டு சென்றார்.

உச்சியில் இருந்தவர்களும் கற்பதை நிறுத்தவில்லை. ஹகீம் ஒலாஜுவனை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்து, உதைபந்தாட்டமும் கைப்பந்தாட்டமும் ஆடி வளர்ந்தவர். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கூடைப்பந்தாட்டம் அவருக்குப் புதிது. ஆடத் தொடங்கிய முதற் பருவத்தில் வாங்கிலிருந்து எழுந்து வந்து சிறிது நேரம் ஆடுபவராகவே இருந்தார். கோடை விடுமுறையில் ஹூஸ்டன் நகரின் பொது உடற்பயிற்சி நிலையம் ஒன்றுக்குச் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த தொழில்முறை வீரரான மோசஸ் மலோனுடன் மோதி மோதி, அடிபட்டே கற்றார். 1984 தெரிவில் ஜோர்டனுக்கும் முந்தி, முதற் பெயராக வாசிக்கப்பட்டவர் அவரே. சம்பியனாவதற்கோ 1994 வரை, பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1995 பெப்ரவரி மாதம் ரமழானாக இருந்தது. பகலில் நோன்பு நோற்று, இரவில் ஆடிய அவரே அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். அவ்வாண்டும் அவரது அணியே சம்பியனானது.

பணம் வரும்போது

இவ்வளவும் மைதானத்துக்குள் நடப்பது. வெளியே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. இருபத்தொரு வயது மாணவனின் கையில் ஒரே நாளில் மில்லியன் கணக்கான டொலர்கள் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்?

1986 ஜூன் 17ஆம் திகதி மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லென் பயஸை பொஸ்டன் அணி இரண்டாவது பெயராகத் தெரிவு செய்தது. ஜோர்டனுக்கு நிகராக வருவார் என்று பேசப்பட்டவர். இரண்டு நாட்களின் பின், ஜூன் 19ஆம் திகதி காலையில், கொக்கேன் போதைப்பொருளால் அவர் இறந்து போனார். வயது 22. ஓர் ஆட்டம் கூட ஆடவில்லை. பெற்ற தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கென்டக்கி பல்கலைக்கழகத்துடன் 1996இலும், மியாமி அணியுடன் 2006இலும் சம்பியனான அன்ட்வான் வோக்கர், தொழிலில் 100 மில்லியன் டொலருக்கும் அதிகமாகச் சம்பாதித்தவர். 2010இல் அவர் வங்குரோத்தானவராக நீதிமன்றம் சென்றார். பின்னாளில் இளம் வீரர்களுக்குத் தம் கதையையே பாடமாகச் சொல்லத் தொடங்கினார். புதிய வீரர்களுக்குப் பணம், போதை, நட்பு, குடும்பம் ஆகியவை பற்றிக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை என்.பீ.ஏ. 1986 முதல் நடத்தி வருகிறது. பந்து எறியத் தெரிந்தவனுக்கும் வாழத் தெரிய வேண்டும் என்று அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

பட்டத்தை விட்டுப் போகலாமா?

நான்கு ஆண்டும் படித்து முடிப்பதா, ஓராண்டில் புறப்படுவதா என்பது அங்குள்ள குடும்பங்களின் பெரிய கேள்வி. கோபி பிரையன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் போன்றோர் பல்கலைக்கழகமே போகாமல் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து நேரே தொழிலுக்கு வந்து வென்றவர்கள்தான். 2006 தெரிவிலிருந்து 19 வயதும், பாடசாலை முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதனால் பலர் ஓராண்டு மட்டும் பல்கலைக்கழகத்தில் தங்கிப் போகிறார்கள். மாறாக, 2021 முதல் மாணவ வீரர்கள் விளம்பரங்கள் மூலம் பணம் பெற அனுமதி கிடைத்ததும், அவசரப்படாமல் தங்கிப் படிக்கப் பலருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

டிம் டங்கனின் கதையை நான் பெற்றோருக்காகவே சொல்ல விரும்புகின்றேன். கரீபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளில் பிறந்தவர். நீச்சல் வீரராக வர விரும்பியவர். 1989இல் ஹியூகோ சூறாவளி நீச்சல் தடாகத்தை அழித்துவிட்டது. அடுத்த ஆண்டு, அவரது 14ஆவது பிறந்த நாளுக்கு முந்திய நாள், தாய் புற்றுநோயால் காலமானார். பட்டப்படிப்பை முடிப்பேன் என்று தாய்க்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டில் என்.பீ.ஏ. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவர் அசையவில்லை. நான்கு ஆண்டும் இருந்து, உளவியலில் பட்டம் பெற்றே வெளியேறினார். 1997இல் முதற் பெயராகத் தெரிவாகி, சென் அன்டோனியோ என்ற ஒரே அணியில் 19 பருவங்கள் ஆடி, ஐந்து தடவை சம்பியனானார். காத்திருந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை.

இடையில் விட்டுப் போனவர்களும் திரும்பியிருக்கிறார்கள். ஜோர்டன் 1984இல் புறப்பட்டு, 1986இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பட்டத்தை முடித்தார். டேவிட்சன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 2009இல் புறப்பட்ட ஸ்டீபன் கரி, 2022இல், தமது நான்காவது சம்பியன் பட்டம் வென்ற அதே ஆண்டில், விட்ட படிப்பை முடித்தார்.

வாசகர்களே,

இந்தக் கதைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பல்கலைக்கழகத்தில் ஒருவன் எடுத்த புள்ளிகள் அவனுக்குக் கதவைத் திறந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான். உள்ளே போனதும் அவனுக்கு முன்னால் இருப்பது வாங்கு. அந்த வாங்கில் இருந்த காலத்தில் அவன் என்ன செய்தான் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. அங்கே இருந்தபடி பழைய கைதட்டலை நினைத்துக்கொண்டிருப்பவனும் உண்டு. நேற்று வரை தான் செய்யாத ஒரு சிறிய வேலையைக் கற்றுக்கொள்பவனும் உண்டு. ரெடிக் தடுக்கக் கற்றார். டக்கர் மூலையில் நிற்கக் கற்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கலாம். பந்தாட்டத்திலோ படிப்பிலோ தன் பாடசாலையில் முதலாவதாக வந்து, பெரிய இடமொன்றுக்குப் போய், அங்கே நாற்பதாவதாக நிற்கும் பிள்ளை. முதலாம் தவணை முடிந்து முகம் வாடி வீட்டுக்கு வருவான். அவனிடம், நீ அங்கே முதலாவதாக இருந்தவனல்லவா என்று பழையதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். அந்த இடத்தில் யாரும் விரும்பிச் செய்யாத வேலை எது, அதில் எதை நீ கற்கலாம் என்று கேளுங்கள். அவனுக்குக் கொஞ்சம் காலமும் கொடுங்கள். ரெடிக்கிற்கு அந்தக் காலத்தை ஓர் ஒப்பந்தம் கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு அதைக் கொடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

மொரிசனைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆட்டத்தை விட்ட பின் அவர் தம் சொந்த இடத்துக்கே திரும்பினார். கொன்சாகா அணியின் ஆட்டங்களை வானொலியில் விமர்சனம் செய்பவரானார். அன்று தம்மைப் போலப் புள்ளிகளைக் குவிக்கும் இளைஞர்களைப் பார்த்து, அவர்கள் ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கேட்போருக்கு எடுத்துச் சொல்லும் பணி. அதுவும் ஒரு நல்ல வேலைதான், அல்லவா?

அடுத்த இதழில் சந்திப்போம்.